ரோசா லக்சம்பர்க்: ஒரே புத்தகம், ஓயாத சண்டை

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



சோசலிசம் என்றாலே எல்லோரும் ஒரே குரலில் கோஷம் போடுகிறவர்கள் என்றுதான் நம்மில் பலபேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அப்படி இல்லவே இல்லை. மார்க்ஸ் எழுதியதை வரிக்கு வரி பிடித்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு அடிகூட விலக மாட்டேன் என்று நின்றவர்களுக்குள்தான் சண்டை அதிகம் நடந்திருக்கிறது. ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு ஒருத்தர் கிழக்கே போகலாம் என்பார், இன்னொருத்தர் மேற்கே போகலாம் என்பார். அந்தச் சண்டைகளில் எது பெரிய சண்டையோ அதில் எல்லாம் ஒரு பெண்மணி நடுவில் நின்றிருக்கிறார். அவர்தான் ரோசா லக்சம்பர்க்.

1871 மார்ச் 5-ஆம் தேதி சாமோஷ்ச் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. ஆனால் அன்றைக்குப் போலந்து என்று ஒரு நாடே கிடையாது. ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ரோசா பிறந்தது ரஷ்யாவின் ஜார் மன்னர் பங்கில். அப்பா மர வியாபாரி. யூதக் குடும்பம். குழந்தையாக இருக்கும்போதே வார்சா நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஐந்து வயதில் இடுப்பு எலும்பில் நோய் வந்து ஏறக்குறைய ஒரு வருஷம் படுத்த படுக்கை. எழுந்தபோது ஒரு கால் சரியாகவில்லை. சாகும்வரை லேசாக நொண்டித்தான் நடந்தார்.

போலந்துக்காரர், யூதர், பெண், கால் ஊனம். இத்தனையும் ஒரே ஆளுக்கு. அந்தக் காலத்தில் வார்சாவில் இருந்த ரஷ்ய அரசுப் பெண்கள் பள்ளியில் யூதர்களுக்கு இடம் கிடைப்பதே குதிரைக் கொம்பு. ரோசாவுக்குக் கிடைத்தது. 1887-ல் நல்ல மார்க்கோடு முடித்தார். தங்கப் பதக்கம் மட்டும் தரவில்லை. அதிகாரிகளை எதிர்க்கிற மனோபாவம் உள்ள பெண் என்று காரணம் சொன்னார்களாம். காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்தின வருஷம்தான் பாட்டாளி என்ற பெயர் கொண்ட கட்சியின் நான்கு பேரை வார்சாவில் தூக்கில் போட்டிருந்தார்கள். மிச்சம் இருந்த அந்த ரகசியக் குழுக்களோடு பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்குத் தொடர்பு இருந்தது. போலீஸ் நெருங்கியதும் 1889-ல் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

சூரிச் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொண்ட மிகச் சில இடங்களில் ஒன்று. முதலில் விலங்கியல், கணிதம் என்று படித்து, அப்புறம் பொருளாதாரத்துக்கு மாறினார். 1897-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். போலந்தின் தொழில் வளர்ச்சி பற்றிய ஆராய்ச்சி அது. அங்கேதான் லியோ யோகிஹெஸ் என்ற புரட்சியாளர் பழக்கமானார். கடைசி வரைக்கும் அரசியலில் துணையாக இருந்தவர் அவர்.

முதல் சண்டை சொந்த நாட்டுக்காரர்களோடு. போலந்து சோசலிஸ்ட் கட்சி, முதலில் போலந்து சுதந்திரம் அடையட்டும் என்றது. ரோசா ஒத்துக்கொள்ளவில்லை. போலந்து மில்லும் ஆலையும் ரஷ்யச் சந்தையை நம்பித்தான் ஓடுகிறது, போலந்துத் தொழிலாளியும் ரஷ்யத் தொழிலாளியும் சேர்ந்து ஜாரைத் தள்ளவேண்டுமே தவிர தனிக்கொடி பிடிப்பதில் பிரயோஜனம் இல்லை என்பது அவர் வாதம். 1893-ல் சூரிச்சில் உலக சோசலிஸ்ட் மாநாடு நடந்தபோது, 22 வயசுப் பெண், உயரம் போதவில்லை என்று நாற்காலி மேல் ஏறி நின்று பேசினார். பிரதிநிதியாக ஏற்க மறுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் ரோசா சொன்னது சரியாக வரவில்லை. 1918 நவம்பரில், அவர் சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, போலந்து தனி நாடு ஆகிவிட்டது. நாடு இல்லாதவனுக்கு நாடு வேண்டும் என்கிற ஆசை எவ்வளவு பெரியது என்பதை அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். இதே விஷயத்தில் லெனினும் அவரோடு பல வருஷம் மல்லுக்கட்டினார். பிரிந்து போகும் உரிமை ஒவ்வொரு தேசிய இனத்துக்கும் உண்டு என்பது லெனின் கட்சி.

1898-ல் பெயருக்கு ஒரு ஜெர்மன்காரரைக் கல்யாணம் செய்து, ஜெர்மன் குடியுரிமை வாங்கிக்கொண்டு பெர்லினுக்கு வந்தார். ஏன் பெர்லின் என்றால், உலகத்திலேயே பெரிய சோசலிஸ்ட் கட்சி அங்கேதான் இருந்தது. ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி. 1878 முதல் 1890 வரை 12 வருஷம் தடைச் சட்டம் போட்டும் அழிக்கமுடியாத கட்சி. 1891-ல் எர்ஃபர்ட் நகரத்தில் அவர்கள் போட்ட திட்டம்தான் மற்ற நாட்டுக் கட்சிகளுக்கெல்லாம் மாதிரி. அந்தத் திட்டத்தில் கொள்கைப் பகுதியை எழுதியவர் கார்ல் காவுட்ஸ்கி. நடைமுறைக் கோரிக்கைப் பகுதியை எழுதியவர் எட்வர்ட் பெர்ன்ஸ்டைன். இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வெச்சிக்குங்க. ரோசா இரண்டு பேரோடும் மோதப்போகிறார்.

பெர்ன்ஸ்டைன் சாதாரண ஆள் இல்லை. எங்கெல்சுக்கு நெருங்கியவர். எங்கெல்ஸ் 1895-ல் இறந்தார். அடுத்த வருஷமே பெர்ன்ஸ்டைன் ஒரு தொடர் எழுத ஆரம்பித்தார். 1899-ல் புத்தகமாகவும் போட்டார். மார்க்ஸ் சொன்னபடி நடக்கவில்லையே என்பதுதான் சாராம்சம். முதலாளித்துவம் நொறுங்கி விழும் என்றார்கள், விழவில்லை. நடுத்தர வர்க்கம் காணாமல் போகும் என்றார்கள், போகவில்லை. சிறு விவசாயி இன்னும் இருக்கிறான். கடன் வசதியும் பெரிய கம்பெனிகளின் கூட்டும் நெருக்கடியைத் தணிக்கின்றன. அதனால் சங்கம், கூட்டுறவு, ஓட்டு, சட்டம் என்று படிப்படியாகப் போனால் போதும் என்றார்.

ரோசாவுக்கு அப்போது 27 வயசு. கட்சிக்குப் புதுசு. அந்நிய நாட்டுப் பெண் வேறு. பழைய தலைவர்கள் எல்லாம் தயங்கிக்கொண்டிருக்கும்போது இவர் லைப்சிக் பத்திரிகையில் பதில் கட்டுரைகள் எழுதினார். சீர்திருத்தமா புரட்சியா என்ற தலைப்பில் 1899-ல் சிறு நூலாக வந்தது. கடன் வசதி நெருக்கடியைத் தணிக்காது, உற்பத்தியைச் சக்திக்கு மீறி இழுத்துவிட்டு நெருக்கடி வரும்போது முதல் ஆளாய்க் காலை வாரிவிடும் என்றார். சங்கம் கூலியை உயர்த்தும், முதலாளி அதை இறக்குவார், மறுபடி உயர்த்தவேண்டும், அந்த வேலைக்கு முடிவே கிடையாது என்றார். அதற்காகச் சங்கம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இதைப் பலபேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். தினசரிப் போராட்டத்தில்தான் தொழிலாளி பயிற்சி பெறுகிறான், ஆனால் போகிற ஊர் எது என்பதை மறந்துவிட்டு வண்டி ஓட்டுவதால் என்ன பயன் என்பது அவர் கேள்வி.

ஒர்க் ஷாப்பில் நமக்கு முதல் நாள் ஃபைலிங் கொடுக்கிறார்கள். அறுபது நாள் தேய்த்தாலும் அந்தக் கட்டி கட்டியாகத்தான் இருக்கும், மிஷின் ஆகாது. ஆனால் ஃபைலிங் தெரியாதவன் மிஷின் செய்யவும் முடியாது. இரண்டு பேர் வாதத்தையும் நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

1899 ஹனோவர் மாநாட்டிலும் 1903 டிரெஸ்டன் மாநாட்டிலும் பெர்ன்ஸ்டைன் கருத்தைக் கட்சி தீர்மானம் போட்டு நிராகரித்தது. ஆனால் அவரைக் கட்சியை விட்டு நீக்கவில்லை. தீர்மானம் ரோசா பக்கம், தினசரி நடப்பு பெர்ன்ஸ்டைன் பக்கம் என்று கட்சி ஓடியது.

யார் சரி? இதில் நானும் என் ரூம்மேட்டும் ஹாஸ்டலில் இரண்டு ராத்திரி விவாதம் பண்ணியிருக்கிறோம். நெருக்கடி இனி பெரிதாக வராது என்ற பெர்ன்ஸ்டைன் கணக்கு 1929-ல் அடியோடு பொய்த்தது. ஆனால் பல நாடுகளில் தொழிலாளி வாழ்க்கை சங்கத்தாலும் சட்டத்தாலும் உயர்ந்தது என்பதும் உண்மை. ஒன்று மட்டும் கவனியுங்கள். 1890 முதல் மே தினம்தோறும் கேட்டுவந்த 8 மணி நேர வேலை ஜெர்மனியில் சட்டமானது 1918 நவம்பரில். அதாவது மன்னர் ஓடிப்போன புரட்சி மாதத்தில்.

அடுத்தது லெனினோடு. ரஷ்யாவில் கட்சி எப்படி இருக்கவேண்டும் என்று லெனின் 1902-ல் எழுதினார். ரகசியமாக வேலை செய்யும் முழுநேரப் புரட்சியாளர்கள், கட்டுப்பாடு, மத்தியக் குழுவுக்கு முழு அதிகாரம். ஜார் ஆட்சியில் வேறு வழி இல்லை என்பது அவர் நியாயம். ரோசா 1904-ல் மறுத்தார். நம்ம பாஷையில் சொன்னால், டிராயிங் ஆபீசில் பிளான் போட்டு ஷாப் ஃப்ளோருக்கு அனுப்பினால் போதும் என்று நினைத்தார் லெனின். பிளானே ஷாப் ஃப்ளோரில்தான் பிறக்கிறது, வேலைநிறுத்தம் செய்து அடிவாங்கித் தோற்று மறுபடி எழுகிற தொழிலாளி கண்டுபிடிப்பது எந்த மத்தியக் குழுவுக்கும் தோன்றாது என்றார் ரோசா. இரண்டு பேரும் மார்க்ஸ் பெயரைச் சொல்லித்தான் வாதம் செய்தார்கள்.

அடுத்த வருஷமே 1905 ரஷ்யப் புரட்சி வெடித்தது. ஊர் ஊராக வேலைநிறுத்தம். யாரும் மேலிருந்து உத்தரவு போட்டது கிடையாது. ரோசாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டிசம்பரில் கள்ளப் பெயரில் வார்சா போனார். 1906 மார்ச்சில் பிடிபட்டுக் கோட்டைச் சிறையில் கிடந்து, ஜாமீனில் வெளியே வந்து, பின்லாந்தில் தங்கி, பெருந்திரள் வேலைநிறுத்தம் பற்றிய நூலை எழுதினார். அங்கே லெனினோடு பல நாள் நேரில் பேசினார். சண்டை எழுத்தில்தான், ஆளை ஆள் பிடிக்கும். 1911-ல் லெனின் பெர்லின் வந்தபோது ரோசா வீட்டுக்கும் வந்திருக்கிறார். மிமி என்ற தன் பூனை லெனினிடம் காட்டிய மிடுக்கை ரோசா ஒரு கடிதத்தில் பெருமையாக எழுதியிருக்கிறார்.

ஜெர்மன் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு அந்த வேலைநிறுத்த நூல் பிடிக்கவில்லை. சங்கக் கட்டடம், சங்க நிதி எல்லாம் போய்விடும் என்று பயம். 1907 முதல் கட்சிப் பள்ளியில் தொழிலாளர்களுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தார் ரோசா. அந்த வேலை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பாடம் எடுத்ததிலிருந்துதான் 1913-ல் மூலதனத் திரட்டல் என்ற பெரிய நூல் பிறந்தது. முதலாளித்துவம் தனக்கு வெளியே உள்ள நாடுகளைத் தின்றுதான் வளரமுடியும் என்பது அதன் கரு. அதில் நம் இந்தியாவும் வருகிறது. ஆங்கிலேயர்கள் கிராமத்துப் பொது நில முறையை உடைத்ததையும் பாசனத்தைக் கவனிக்காமல் விட்டதையும் எழுதுகிறார். இந்த நூலையும் லெனின் உள்பட பல மார்க்சியர்கள் ஏற்கவில்லை. கணக்கு தப்பு என்றார்கள்.

நான்காவது சண்டைதான் அவருக்கு மனசு வலித்த சண்டை. காவுட்ஸ்கி பத்து வருஷத்துக்கு மேல் நண்பர். பெர்ன்ஸ்டைனை எதிர்த்ததில் கூட்டாளி. பிரஷ்யா மாநிலத்தில் அப்போது ஓட்டு முறை எப்படித் தெரியுமா? கட்டுகிற வரியை வைத்து ஜனங்களை மூன்று வகுப்பாகப் பிரிப்பார்கள். மேல்வகுப்பில் இருக்கும் கொஞ்சம் பேருக்கும் கீழ்வகுப்பில் இருக்கும் பெருங்கூட்டத்துக்கும் சம பலம். 1908 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி ஏறக்குறைய கால்வாசி ஓட்டு வாங்கியும் 443 இடத்தில் 7 தான் கிடைத்தது. 1910-ல் இதை எதிர்த்துத் தெருவில் ஜனவெள்ளம். இப்போதே பொது வேலைநிறுத்தம், மன்னராட்சியே வேண்டாம் என்று கோஷம் போடுவோம் என்றார் ரோசா. காவுட்ஸ்கி தன் பத்திரிகையில் அந்தக் கட்டுரையைப் போட மறுத்தார். எதிரியைப் பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்துத்தான் வெல்லவேண்டும், அடுத்த தேர்தல் வரட்டும் என்றார். 1912 தேர்தலில் 110 இடம் வாங்கி நாடாளுமன்றத்தில் முதல் பெரிய கட்சி ஆனார்கள். காவுட்ஸ்கி கணக்கு பலித்த மாதிரிதான் இருந்தது.

இரண்டே வருஷம். 1914 ஆகஸ்ட் 4. உலகப் போருக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் வந்தது. முந்தின நாள் கட்சி எம்.பி.க்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டார்கள். ஆதரவு 78, எதிர்ப்பு 14. சபையில் எல்லோரும் சேர்ந்து ஆதரித்தார்கள். அந்தக் கட்சிப் பத்திரிகையைப் பார்த்த லெனின், இது போலீஸ்காரன் அடித்த போலிப் பிரதி என்று நம்ப மறுத்ததாகச் சொல்வார்கள். 1914 டிசம்பர் 2-ஆம் தேதி மறுபடி ஓட்டு வந்தபோது கார்ல் லீப்னெக்ட் ஒருத்தர் மட்டும் எதிர்த்தார்.

ரோசாவுக்குப் பெண் என்பதால் ஓட்டே கிடையாது. அவருக்குக் கிடைத்தது சிறை. தொழிலாளிகளே, வேற்று நாட்டுத் தொழிலாளியைச் சுடாதீர்கள் என்று போருக்கு முன்பே பேசிய பேச்சுக்காக ஒரு வருஷம். பிறகு 1916 ஜூலை முதல் 1918 நவம்பர் வரை விசாரணையே இல்லாமல் உள்ளே. முதல் தடவை சிறையில் இருந்தபோது போரை எதிர்த்து எழுதியது ஜூனியஸ் என்ற புனைபெயரில் ரகசியமாக அச்சாகி வெளியே சுற்றியது. ஸ்பார்ட்டகஸ் குழு உருவானது. அதே சிறையில் இலை, பூ எல்லாம் சேகரித்து நோட்டில் ஒட்டிப் பெயர் எழுதி வைத்தார். குருவி சத்தத்தை வைத்தே என்ன குருவி என்று சொல்வாராம்.

இதில் ஒரு வேடிக்கை. போரை எதிர்த்து 1917-ல் கட்சி உடைந்து சுயேச்சைக் கட்சி என்று தனியாகப் போனபோது, அதில் காவுட்ஸ்கியும் இருந்தார், பெர்ன்ஸ்டைனும் இருந்தார், ரோசாவின் குழுவும் இருந்தது. மூன்று துருவமும் ஒரே கூரைக்குக் கீழே!

எங்க அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. கையெழுத்து போடுவார், அதற்கு மேல் படிப்பு இல்லை. மில்லில் இரண்டு சங்கம். இரண்டு கொடியும் சிவப்பு. 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி பிரிந்ததும் 1970-ல் தொழிற்சங்கம் பிரிந்ததும் அவருக்கு வருஷத்தோடு தெரியாது. சிவப்புக்குச் சிவப்பு என்னடா சண்டை, பூட்டுப் போடுறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதானே என்று என்னைக் கேட்பார். வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான் என்பதால் பதில் என்னிடம் இருக்கும் என்று நினைக்கிறார். அவருக்குச் சொல்லத்தான் இந்த அம்மாவின் கதையைத் தேடிப் படித்தேன்.

1917-ல் லெனின் ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்தார். சிறையில் இருந்த ரோசா கொண்டாடினார். ஆனால் 1918-ல் ஒரு கையெழுத்துப் பிரதி எழுதினார். நிலத்தைத் துண்டு போட்டு விவசாயிக்குக் கொடுத்தது பின்னால் சோசலிசத்துக்கே எதிரியை உண்டாக்கும் என்றார். அரசியல் நிர்ணய சபையைக் கலைத்ததை ஏற்கவில்லை. பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் சுதந்திரம் இல்லாவிட்டால் ஆட்சி ஒரு சில தலைவர்கள் கைக்குள் சுருங்கிவிடும், மாற்றுக் கருத்து உள்ளவனுக்கும் சுதந்திரம் இருந்தால்தான் அது சுதந்திரம் என்று வாதிட்டார். விவசாயிக்கு நிலம் கொடுக்காமல் லெனின் ஒரு மாதம்கூட ஆட்சியில் இருந்திருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கடைசியாகச் சொன்னது இருக்கிறதே, பின்னால் ஸ்டாலின் காலத்தைப் பார்த்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். அந்தப் பிரதி அவர் உயிரோடு இருந்தவரை அச்சாகவில்லை. 1922-ல்தான் வெளிவந்தது.

1918 நவம்பர் 8-ஆம் தேதி பிரெஸ்லாவ் சிறைக் கதவு திறந்தது. மறுநாள் கைசர் மன்னராட்சி முடிந்தது. ரோசா பெர்லினுக்கு ஓடிவந்து செங்கொடி என்ற பத்திரிகையை நடத்தினார். வருஷக் கடைசியில் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியது. தொடக்க மாநாட்டிலேயே ரோசா தோற்றார். வரப்போகும் தேர்தலில் நிற்கவேண்டும் என்றார் அவர். இளவட்டங்கள் புறக்கணிப்பு என்றார்கள். 62-க்கு 23 ஓட்டு. புரட்சி புரட்சி என்று வாழ்நாளெல்லாம் எழுதியவர் தேர்தலில் நிற்கலாம் என்று சொல்லித் தோற்றதை எண்ணிப் பாருங்கள். பெர்ன்ஸ்டைனுக்குச் சொன்ன பதிலை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பேசவேண்டும் என்பதுதான் அவருக்கு எப்போதும்.

ஜனவரி 5-ஆம் தேதி பெர்லினில் கிளர்ச்சி கிளம்பியது. கட்சி முடிவு இல்லாமலே லீப்னெக்ட் அதில் இறங்கிவிட்டார். நேரம் வரவில்லை என்று ரோசாவுக்குத் தெரியும். ஆனாலும் தெருவில் நிற்கிற தொழிலாளியை விட்டுவிட்டுப் பத்திரமாக ஒதுங்க மனசு வரவில்லை. ஆட்சியில் இருந்தது யார்? அவருடைய பழைய கட்சிக்காரர்கள். எபெர்ட், நோஸ்கே. கூலிப் படை மாதிரி திரட்டிய முன்னாள் சிப்பாய்களை விட்டு அடக்கினார்கள்.

1919 ஜனவரி 15 இரவு ரோசாவையும் லீப்னெக்டையும் பிடித்து ஈடன் ஹோட்டலுக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் ரோசாவின் தலையில் அடித்தான். காரில் ஏற்றிச் சுட்டு, உடலை லாண்ட்வேர் கால்வாயில் எறிந்தார்கள். லீப்னெக்டையும் அன்றே சுட்டார்கள். நான்கு நாள் கழித்து ஜனவரி 19-ல் தேர்தல் நடந்தது. ஜெர்மன் பெண்கள் நாடு முழுவதும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் அதுதான். கொலையாளிகளைத் துப்பறிந்து எழுதிய யோகிஹெஸ் மார்ச் மாதம் சிறையில் சுடப்பட்டார். உடல் கிடைத்தது மே 31-ஆம் தேதி. ஜூன் 13-ல் பிரீட்ரிக்ஸ்ஃபெல்டே இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். இரண்டு பேருக்குச் சின்ன தண்டனை கிடைத்தது. கொல்லச் சொன்ன அதிகாரி பாப்ஸ்ட் 1970 வரைக்கும் வாழ்ந்தார், அவர் மேல் வழக்கே நடக்கவில்லை.

1922-ல் லெனின், ரோசா செய்த தவறுகள் என்று ஒரு பட்டியலே போட்டார். போட்டுவிட்டு, அவருடைய முழு எழுத்துக்களையும் அச்சிடாமல் இழுத்தடிப்பதாக ஜெர்மன் தோழர்களைக் கடிந்துகொண்டார். 1931-ல் ஸ்டாலின் எழுதியபோது தவறு மட்டும்தான் மிச்சம். 1926-ல் கல்லறையில் கட்டிய நினைவுச் சின்னத்தை 1935-ல் நாஜிகள் இடித்தார்கள்.

போருக்குப் பிறகு வந்த கிழக்கு ஜெர்மனி அரசு ரோசா பெயரைத் தெருவுக்கும் சதுக்கத்துக்கும் வைத்து, வருஷா வருஷம் ஜனவரியில் ஊர்வலம் நடத்தியது. 1988 ஜனவரி 17 ஊர்வலத்தில், மாற்றுக் கருத்துக்காரனின் சுதந்திரம் பற்றி அந்தச் சிறைப் பிரதியில் ரோசா எழுதியதைத் துணியில் எழுதி எடுத்துக்கொண்டு சிலர் சேர வந்தார்கள். ரோசாவுக்கு மாலை போட வந்த அரசு, ரோசா எழுதியதைத் தூக்கி வந்தவர்களைப் பிடித்து உள்ளே போட்டது. பலரை நாட்டை விட்டே அனுப்பியது. அடுத்த வருஷம் பெர்லின் சுவர் திறந்தது, 1990-ல் அந்த அரசு போய்விட்டது. ஜனவரி ஊர்வலம் மட்டும் நிற்கவில்லை. சிவப்புப் பூ எடுத்துக்கொண்டு இன்னும் வருகிறார்கள். தனித்தனிக் கொடியோடுதான்.